அம்மாவின் சேமநிதியை யார் திருப்பித் தருவது?

வயிறு எரிகிறதே! விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு ஓடி, இருட்டில் பால்மரம் சீவி, மங்கு மங்காகப் பால் சேர்த்தவள் என் அம்மா. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் செம்பனைக்கு மாறியபோது லயமும் போனது, வேலையும் போனது. மிஞ்சியது இ.பி.எஃப். சேமநிதிப் பணம் மட்டுமே. அதையும் ஒரே மின்னஞ்சலில் வழித்துக்கொண்டு போய்விட்டார்களே, பாவிகள்!

அந்த மின்னஞ்சலில் பணம் கட்டும் செயலியின் பெயர், சின்னம், நிறம் எல்லாம் அச்சு அசல். 'கணக்கு முடக்கப்பட்டது, 24 மணி நேரத்தில் உறுதிப்படுத்துங்கள்' என்ற மலாய் மிரட்டலைப் பேரன் வாசித்ததும் கிழவி பதறமாட்டாளா? மருந்துக்கும் வாடகைக்கும் வேறு கதி ஏது? இணைப்பைத் தொட்டால் வங்கிப் பக்கம் போலவே ஒரு பக்கம். கடவுச்சொல் கேட்டது, குறுஞ்செய்தியில் வரும் டிஏசி எண் கேட்டது. கொடுத்ததும் பணம் எவனோ வாடகைக்கு விட்ட கணக்குக்குப் போய்விட்டது.

வங்கியில் கேட்டால், "நீங்கதானே நம்பர் கொடுத்தீங்க?" என்கிறார்கள். மாதம் சில நூறு வெள்ளி மட்டும் எடுப்பவளின் பணம் மொத்தமும் ஒரே மூச்சில் வெளியேறியபோது உங்கள் கணினி தூங்கியதா? சந்தேகப் பரிமாற்றங்களைக் கண்டுபிடிக்கும் விதிகளை இறுக்குங்கள், குறுஞ்செய்தியில் எண் அனுப்பும் முறையைக் கைவிடுங்கள் என்று 2022 செப்டம்பரிலேயே மத்திய வங்கியான பேங்க் நெகாரா சொன்னதே! இணைப்புள்ள குறுஞ்செய்திகளை 2023 மே மாதம் முதல் தொலைபேசி நிறுவனங்கள் தடுக்கத் தொடங்கின. மின்னஞ்சல் வழியாக வரும் கொள்ளைக்கு யார் வேலி போடுவது?

1960-ல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, மாதம் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு சேர்த்த தோட்டத்துச் சனம் நாங்கள். எங்களுக்கா காசின் அருமை தெரியாது?

ஈப்போவிலும் தோட்டப்புறங்களிலும் இருக்கும் அண்ணன்மாரே, அக்காமாரே! மின்னஞ்சல் வந்தால் அனுப்பியவரின் பெயரை நம்பாதீர்கள். முழு முகவரியைப் பாருங்கள். உங்கள் பெயர் சொல்லாமல் 'அன்புள்ள வாடிக்கையாளரே' என்று அவசரப்படுத்தினால் சந்தேகப்படுங்கள். பெயர் சொல்லி அழைத்தாலும் இணைப்பைத் தொடாதீர்கள். செயலியை நீங்களே திறந்து பாருங்கள். டிஏசி எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள். பணம் போனால் அந்த நொடியே மோசடிப் புகாருக்கான 997 எண்ணுக்கு அழையுங்கள்.

ஆனால், காவல் காக்கும் பொறுப்பு முழுவதையும் ஏழைகள் தலையில் கட்டாதீர்கள்! திருடனைப் பிடியுங்கள். கணக்கை வாடகைக்கு விட்டவனையும் பிடியுங்கள். பணம் வெளியேற வழிவிட்ட வங்கியும் பதில் சொல்லட்டும். அம்மா யாரிடமும் தானம் கேட்கவில்லை. உழைத்த காசைத்தான் கேட்கிறாள். கொடுங்கள்!