பையில் கிடக்கும் போனுக்கு எதற்கு வால்யூம் பட்டை?

ஆண்ட்ராய்டு போனில் ஒலியைக் கூட்டவோ குறைக்கவோ பொத்தானை அழுத்தினால் திரையில் ஒரு பட்டை எழும்புகிறது. சில நொடி நின்று மறைகிறது. இதை வராமல் தடுக்க வழி உண்டா என்று கேட்பவர்கள் பல ஆண்டுகளாக இருக்கிறார்கள். படம் பார்ப்பவருக்கு அது காட்சியை மறைக்கிறது. திரையைப் பதிவு செய்து பாடம் நடத்துபவருக்கு அது பதிவில் விழுகிறது. ஐபோனில் 2019 வரை இந்தப் பட்டை திரையின் நடுவிலேயே வந்து உட்கார்ந்தது. கேலியும் புகாரும் வலுத்த பிறகுதான் ஓரத்துக்கு ஒதுங்கியது. ஆண்ட்ராய்டில் 2018-இல் வந்த ஒன்பதாம் பதிப்பு அதை உச்சியிலிருந்து எடுத்துப் பக்கவாட்டில், பொத்தானுக்கு அருகே வைத்தது. இடம்தான் மாறியது. வேண்டாம் என்பவர் அதை அணைத்துவைக்க ஆண்ட்ராய்டின் பொது அமைப்புகளில் ஒரு சுவிட்ச் இன்றுவரை இல்லை. அந்தச் சுவிட்சைப் போன் கம்பெனிகளே தர வேண்டும் என்பது என் கருத்து. பட்டை கண்ணில் படாவிட்டால் மக்கள் ஒலியை ஏற்றிக் காதைக் கெடுத்துக்கொள்வார்கள் என்ற வாதம் கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் காது உண்மையிலேயே ஆபத்தில் இருக்கும் இடத்தில் அந்தப் பட்டை யாரையும் காப்பதில்லை.

அதைச் சோதித்துப் பார்க்கத் திருப்பூரின் மண்ணரையைவிடத் தோதான இடம் குறைவு. ஊத்துக்குளி சாலையை ஒட்டிய இந்தப் பகுதியும் திருப்பூரின் மற்றப் பகுதிகளைப் போலப் பனியன் தொழிலில்தான் பிழைக்கிறது. காலை எட்டரைக்குத் தொடங்கி இரவு எட்டரை வரை போகும் ஒன்றரை ஷிப்ட் இந்த ஊரின் வழக்கம். பவர் டேபிளில் ஓவர்லாக், பேட்லாக் மெஷின் ஓட்டும் டெய்லரும், பக்கத்தில் நின்று உதவும் கைமடியும், செக்கிங் மேஜையில் இருப்பவரும் பகலின் பெரும்பகுதியை மோட்டார் இரைச்சலுக்குள் கழிக்கிறார்கள். தறிக்கூடம் அளவுக்குத் தையல் கூடம் இரைவதில்லை என்பது உண்மை. சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறிகளின் சத்தம் வேறு ரகம். ஆனால் ஒரு கை தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தால் அங்கே இரைச்சல் ஏறத்தாழ 85 டெசிபலைத் தொட்டிருக்கும் என்பது தொழில்நலத் துறையில் பழகிய ஒரு கைக்கணக்கு. அப்படிக் கத்திப் பேசும் கூடங்கள் நம் ஊரில் எத்தனை என்று யாரும் எண்ணிச் சொல்ல வேண்டியதில்லை. இந்த இரைச்சலை மீறித்தான் ஹெட்செட்டில் பாட்டு கேட்க வேண்டும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவருக்கு அது ஊர்ப் பாட்டு, இங்கத்தவருக்கு இளையராஜா. ஒரே தையலைப் பத்து மணி நேரம் போடுகிறவரிடம் பாட்டை நிறுத்து என்பது எளிது, நிறுத்துவது எளிதல்ல.

இப்படிக் கேட்கிறவரின் போன் எங்கே இருக்கிறது? சட்டைப் பையில், அல்லது மெஷினின் ஓரத்தில் குப்புற. இரண்டு கையும் துணியில். ஒலியைக் கூட்ட, கழுத்தில் மாட்டிய நெக்பேண்ட் ஹெட்செட்டில் உள்ள பொத்தானைத் தடவி அழுத்துகிறார். பட்டை வந்தாலும் பைக்குள்தான் வரும், அங்கேயே மறையும். மாறாக, அமைதியான அறையில் மல்லாந்து படம் பார்ப்பவருக்கு, அதாவது ஒலியைப் பாதியில் வைத்தாலே போதுமானவருக்கு, அது ஒவ்வொரு முறையும் தவறாமல் முகத்துக்கு நேரே தோன்றுகிறது. தேவையில்லாதவர் கண்ணில் பட்டு, தேவைப்படுபவர் கண்ணில் படாத ஒன்றைப் பாதுகாப்பு ஏற்பாடு என்று எப்படிச் சொல்வது?

சரி, பார்த்தால்தான் என்ன தெரியும்? பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் பாட்டுக்கான ஒலி 15 படிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அந்தப் படிகள் எதற்கும் அலகு கிடையாது. எந்தப் படியில் எவ்வளவு ஒலி என்பதைப் போன் தயாரிப்பவர் முடிவு செய்கிறார். அது காதில் எவ்வளவாக விழும் என்பதை ஹெட்செட் முடிவு செய்கிறது. ஒருவர் போனில் பத்தாம் படி இன்னொருவர் போனில் பத்தாம் படி அல்ல. அதே போனில் ஹெட்செட்டை மாற்றினாலும் அல்ல. இந்த ஊரில் துணியின் கனத்தை ஜி.எஸ்.எம். அளவில் சொல்லாமல் யாரும் வாங்குவதில்லை. 'பதினைந்துக்குப் பன்னிரண்டு கனம்' என்று ஒருவர் துணி விற்க வந்தால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். காதுக்குப் போகும் ஒலியை மட்டும் அப்படித்தான் வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

அலகு இல்லாததன் விலை சிறியதல்ல. உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து 2019-இல் பாதுகாப்பாகக் கேட்பதற்கான ஒரு தரநிலையை வெளியிட்டன. பெரியவர்களுக்கு அது தரும் எல்லை 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம்; குழந்தைகளுக்கு 75 டெசிபலில் அதே 40 மணி நேரம். ஒலி 3 டெசிபல் கூடினால் ஆற்றல் இரட்டிப்பாகிறது, ஆகவே அனுமதிக்கப்பட்ட நேரம் பாதியாகிறது. நாளுக்குப் பத்து மணி நேரம் பாட்டு கேட்கும் ஒரு டெய்லரை எடுத்துக்கொள்வோம். 80 டெசிபலில் கேட்டால் திங்களன்று தொடங்கிய கணக்கு வியாழன் இரவு தீர்ந்துவிடும். 83 என்றால் செவ்வாய் இரவு. 86 என்றால் திங்கள் இரவே வாரக் கணக்கு முடிந்தது. சனிக்கிழமை சம்பளம் வாங்கும்வரை கேட்பதெல்லாம் கடன். கூடத்தின் இரைச்சலை இதில் சேர்க்கவேயில்லை. வியாழனிலிருந்து திங்களுக்கு இறங்க வெறும் 6 டெசிபல் போதும். பட்டையில் அது இரண்டு மூன்று படி வித்தியாசமாகத் தோன்றலாம். இரண்டு படிதானே என்று நினைக்கவைக்கிற அளவுகோல், அளவுகோலே இல்லாமலிருப்பதைவிட மோசம்.

அலகு இல்லாத இடத்தில் அறிவுரை என்ன ஆகும் என்பதற்கு டெல்லியே சாட்சி. 2025-இன் தொடக்கத்தில் மத்திய சுகாதாரத் துறை மாநிலங்களுக்கு அனுப்பிய அறிவுறுத்தலில், ஹெட்செட்டை நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் பயன்படுத்த வேண்டாம், ஒலி 50 டெசிபலுக்கு மேல் வேண்டாம் என்று இருந்தது. நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் சாதாரணப் பேச்சே ஏறக்குறைய 60 டெசிபல் இருக்கும். தையல் கூடத்தில் 50 டெசிபலில் வைத்த பாட்டு காதில் ஏறாது. அதைவிட முக்கியம், தன் போனில் 50 டெசிபல் எங்கே இருக்கிறது என்பதை அந்தப் பட்டையைப் பார்த்து எவராலும் கண்டுபிடிக்க முடியாது. ஐபோனில் 2020 முதல் ஹெட்செட் ஒலியை டெசிபலிலேயே பார்க்க ஒரு வசதி இருக்கிறது. பவர் டேபிள்காரர் கையில் இருப்பது ஐபோன் அல்ல.

ஐரோப்பாவில் இந்தப் பிரச்சினையை வேறு வழியில் அணுகினார்கள். போனில் ஒலி 85 டெசிபலைத் தாண்டினால் எச்சரிக்க வேண்டும், பயனர் தெரிந்தே ஒப்புக்கொண்ட பிறகுதான் மேலே போக விட வேண்டும் என்ற தரநிலை 2013-இல் அங்கே நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஆண்ட்ராய்டில் வந்த எச்சரிக்கைப் பலகையை நம்மில் பலரும் பார்த்திருப்போம். அதிலும் திரைதான் எல்லாம். போனைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஒலியைக் கூட்டினால் அது ஓர் அளவில் நின்றுகொள்ளும். வெளியே எடுத்து, திறந்து, சரி என்று தொட்டால்தான் நகரும். கை ஓயாதவர்களுக்கு இது பெரும் தொல்லை. ஒருமுறை தொட்டுத் தள்ளிவிட்டால் அப்புறம் நெடுநேரத்துக்கு அது வாயைத் திறப்பதில்லை. 2023-இல் வந்த ஆண்ட்ராய்டு 14 ஒரு படி முன்னே போனது. அந்தந்த நேரத்து ஒலியை மட்டும் பார்க்காமல், கடந்த ஏழு நாளில் காதுக்குள் போன மொத்த ஒலியளவைக் கணக்கிட்டு, எல்லை தாண்டும்போது எச்சரிக்கும் ஏற்பாடு அதில் இருக்கிறது. பட்டையின் இடத்தில் இருந்திருக்க வேண்டியது இந்தக் கணக்குதான். ஆனால் அதை நாட்டுக்கு நாடு இயக்கவோ நிறுத்தவோ தயாரிப்பாளருக்கு வழி விடப்பட்டிருக்கிறது. பழைய பதிப்பு ஓடும் மலிவுப் போன்களுக்கு அது வரவே வராது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் இங்கே விற்கும் எல்லாப் போனிலும் அதை இயங்கும் நிலையில் கட்டாயமாக்க வேண்டும். அதோடு அந்த எச்சரிக்கை திரையில் எழுதிக்காட்டப்பட்டால் போதாது, ஹெட்செட்டுக்குள்ளேயே குரலாகச் சொல்லப்பட வேண்டும். தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும். காதுக்கான செய்தி காது வழியே போகட்டும்.

இப்போது மறைக்கும் விஷயத்துக்கு வருவோம். வேடிக்கை என்னவென்றால், செயலி எழுதுபவருக்கு இந்த உரிமை ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. தன் செயலி ஒலியை மாற்றும்போது பட்டை தெரிய வேண்டுமா வேண்டாமா என்பதை நிரலில் ஒரு குறியைச் சேர்த்தோ விட்டோ அவர் முடிவு செய்துகொள்ளலாம். காசு கொடுத்து வாங்கியவருக்குத்தான் கிடையாது. சாம்சங்கில் தனிச் செயலி ஒன்று பட்டையின் தோற்றத்தையும் படிகளையும் மாற்ற இடம் தருகிறது. மற்றவர்கள் வெளிச் செயலிகளைத் தேட வேண்டும். அந்தச் செயலிகளில் பல, வேலை செய்ய 'அணுகல்தன்மை' அனுமதி கேட்கின்றன. பார்வையற்றவர்களுக்குத் திரையைப் படித்துக்காட்டவும், கை இயங்காதவர்களுக்காகத் தொட்டுக்கொடுக்கவும் ஏற்படுத்தப்பட்ட அனுமதி அது. அதைப் பெற்ற செயலி திரையில் உள்ளதைப் படிக்கலாம், உரிமையாளர் இடத்தில் இருந்து பொத்தானை அழுத்தலாம். வங்கிக் கணக்கைச் சுரண்டும் கள்ளச் செயலிகள் முதலில் குறிவைப்பதும் இதைத்தான். 2022-இல் வந்த ஆண்ட்ராய்டு 13, பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து இறக்கிய செயலிகளுக்கு இந்த அனுமதி எளிதில் கிடைக்காதபடி கதவைச் சற்று இறுக்கியது, காரணம் இல்லாமல் அல்ல. ஒரு சிறு பட்டையை மறைக்க ஆசைப்பட்டவர் சம்பளக் கணக்கையே திறந்துவைக்க நேர்வது அவருடைய அசட்டுத்தனம் மட்டுமல்ல. நேர்வழியைக் கட்டாமல் விட்டவர்களுக்கும் அதில் பங்குண்டு.

மறைக்க விட்டால் பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்று கேட்கலாம். பட்டை கண்ணுக்குத் தெரிகிறதா என்பதைவிட உச்ச ஒலிக்குப் பூட்டு இருக்கிறதா என்பதே பிள்ளைகள் விஷயத்தில் முக்கியம். பல போன்களில் அந்தப் பூட்டு ஏற்கெனவே இருக்கிறது. காது மந்தமான முதியவருக்குப் பட்டை உதவுமே என்றால், உதவும். அதனால்தான் அது வழக்கம்போல இருக்கட்டும், வேண்டாதவர் அணைத்துக்கொள்ளட்டும் என்கிறேன். இவற்றைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. மலிவு ஹெட்செட்டின் திறன் போனுக்குத் தெரியாது. அப்படியிருக்க டெசிபல் கணக்கு சரியாக இருக்காதே? இருக்காது. போன் தருவது மதிப்பீடுதான், சில டெசிபல் முன்பின் போகலாம். அந்தப் பிழையைக் குறைக்க, ஹெட்செட் பெட்டியின் மேல் அதன் உணர்திறனை அச்சிடச் சொல்லலாம். கம்பியில்லா ஹெட்செட் அதைப் போனுக்குத் தானே தெரிவிக்கும்படியும் செய்யலாம். பிழையோடு கூடிய மதிப்பீடு திருத்தத்துக்கு இடம் தரும். அலகே இல்லாத பட்டையில் திருத்துவதற்கு எதுவும் இல்லை.

கம்பெனிக்குள் போனையே தடை செய்துவிட்டால் தீர்ந்ததே என்பார்கள் சிலர். வெளிநாட்டு பையரின் தணிக்கைக்கு உட்பட்ட பெரிய கம்பெனிகள் பலவற்றில் அந்தத் தடை இருக்கவே செய்கிறது. தீ எச்சரிக்கை மணி காதில் விழ வேண்டும் என்பது அதற்குத் தக்க காரணமும்கூட. கூலிக்குத் தைத்துத்தரும் ஜாப் ஒர்க் யூனிட்டுகளில் அது நடக்காது. நடந்தாலும் பாட்டுதான் நிற்கும், மோட்டார் நிற்காது. ஹெட்செட்டைக் காட்டிக் கூடத்தின் இரைச்சலை மறக்கச் செய்வதுதான் இந்தத் தடைப் பேச்சில் எனக்குப் பிடிக்காத பகுதி. இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு, 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், மருத்துவர் கண்டால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்றாகப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இடம்பெற்றது. நம் தொழிற்சாலைகளுக்கான வழக்கமான எல்லை எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல். ஒன்றரை ஷிப்ட் ஓடும் ஊரில் அந்த எட்டு மணி நேரம் மாலைக்குள் முடிந்துவிடுகிறது. காதில் குறை என்று திருப்பூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு ஒரு டெய்லர் போனால், என்ன வேலை, எத்தனை மணி நேரம், மெஷினுக்கு எவ்வளவு அருகில் என்று கேட்டுக் குறித்துக்கொள்வதும், அவர் போனில் ஏழு நாள் ஒலிக்கணக்கு இருந்தால் அதையும் சேர்த்துப் பார்ப்பதும் இனி நடக்கக்கூடிய காரியங்கள். ஹெட்செட்டால் வந்ததா, கம்பெனியால் வந்ததா என்ற வழக்கில் தொழிலாளி பக்கம் ஒரு காகிதமாவது இருக்கும்.