பொற்றுகளின் மேலாடையும் நம் தமிழும்

தாம்பரத்தில் மின்தொடர் வண்டி ஏறிக் கிண்டியில் இறங்கினால் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் நெடுந்தொலைவன்று. எனினும் அங்கே பேராசிரியர் டி. பிரதீப் குழுவினர் நிகழ்த்தும் நுண்துகள் ஆய்வு, நம் புறநகர் மாணவர் பலருக்கு வேற்றுலகச் செய்தியாகவே இருக்கிறது. அச்செய்தியைத் தமிழில் சொல்ல முயல்வோம்.

பொன்னை மீநுண் துகளாக்கி நீரில் கலந்தால் அது செந்நிறம் காட்டும். மைக்கேல் ஃபாரடே 1857இல் இலண்டனில் இதனை ஆராய்ந்துரைத்தார். இத்துகள்களைக் காப்பின்றி விட்டால் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடும். ஆதலின் ஈனிகள் எனப்படும் மூலக்கூறுகளை அவற்றின்மேல் போர்த்துகின்றனர். ஈனியின் கந்தக முனை உலோகத்தைப் பற்றும். மறுமுனையோ அண்டை வரும் துகளை ஏற்பதா விலக்குவதா என முடிவு செய்யும். உள்ளிருப்பது பொன்னேயாயினும் உறவைத் தீர்மானிப்பது மேலாடையன்றோ!

கோல் வடிவத் துகளாயின் திசையும் வந்துவிடுகிறது. கோலின் பக்கங்களில் போர்வை நெருக்கமாகவும் முனைகளில் தளர்வாகவும் இருக்கும். தளர்ந்த முனைகளைக் கந்தகமுடைய மூலக்கூறுகள் பற்ற, கோல்கள் முனையோடு முனை சேர்ந்து சரமாகின்றன. திருவனந்தபுரத்தில் கே. ஜார்ஜ் தாமஸ் குழுவினர் 2005இல் சிஸ்டீன், குளுட்டாதயோன் ஆகிய இரண்டையும் இவ்வழியிலேயே இனங்கண்டு காட்டினர்.

சென்னையில் நிகழ்ந்தது இன்னும் நுட்பமானது. 44 வெள்ளி அணுக்களும் 30 ஈனிகளும் கொண்ட கொத்து ஒன்று உண்டு. அதன் எண்ணிக்கை மாறாது. பிரதீப் குழுவினர் பொற்கோலுக்கும் அதே ஈனியை அணிவித்தனர். இருபுறத்துக் கார்பாக்சிலிக் முனைகளும் ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோக்க, வெள்ளிக் கொத்துகள் கோலைச் சூழ்ந்து எண்முகிக் கூடாயின. பின்லாந்து அறிஞருடன் இணைந்து 2018இல் வெளியிட்ட ஆய்வு இது.

இவ்வளவையும் எழுத நமக்குச் சொற்பஞ்சம் நேரவில்லை. புறப்பரப்பு, கூழ்மம், ஈனி, எண்முகி எல்லாம் மேல்நிலைப் பள்ளி நூல்களிலேயே உள. அவற்றைத் தமிழ்வழியில் கற்றுத் தேர்ந்த மாணவர், கல்லூரி வகுப்பில் அவற்றை வாயிலிலேயே விட்டுவிட நேர்கிறது. ஆங்கிலம் தடுமாறுவதை அறிவின் குறையென்றெண்ணி வாய்மூடிப் பின்வரிசையில் அமரும் பிள்ளைகளை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம்.

ஆங்கிலம் வேண்டாவென்பது நம் கருத்தன்று. ஆய்வுலகின் மொழி அதுவே. பழி வேதியியல் துறையினரை மட்டும் சார்வதுமன்று. தமிழ்த்துறையினராகிய நாம் அறிவியலைப் பிறர் வீட்டு வேலையென்று ஒதுக்கிவிட்டோம். அகராதியில் உறங்கும் கலைச்சொல்லால் யாருக்குப் பயன்? அது வாக்கியத்தில் நடமாட வேண்டும்.

மலர்தோறும் கவிதைகளுக்குப் பக்கங்களை வாரி வழங்குகிறோம் (குறை கூறவில்லை, நம் கவிதையும் அவற்றுள் உண்டு). அடுத்த மலரில் நான்கு பக்கங்களையேனும் வேதியியல் மாணவர் ஒருவரும் தமிழ் மாணவர் ஒருவரும் சேர்ந்தெழுத ஒதுக்குவோம். துகள்கள் தாமே கூடி அணிவகுப்பதைத் தன்னொருங்கமைவு என்பதா, தற்கூடல் என்பதா என்று இருவரும் வாதிடட்டும். முதற்படியைத் திருத்தித் தர நாம் ஆயத்தமாயுள்ளோம்.