எக்ஸ்ரே அறையில் ஒரு தொழிலாளி

ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பிய தோழர் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். டாக்டரின் பெயரைச் சொல்லுவார். ஊசி போட்ட நர்ஸம்மாவைப் புகழுவார். "உமது நெஞ்சைப் படம் எடுத்தவர் யார்?" என்று கேட்டால் விழிப்பார். "மோவாயைத் தூக்கு, தோளை முன்னால் தள்ளு, மூச்சை இழுத்துப் பிடி" என்று ஒரு குரல் கேட்டது; பிறகு "ஆச்சு, போகலாம்" என்றது. அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

அந்தக் குரலுக்கு உரியவரைப் பற்றித்தான் இன்று எழுதுகிறோம்.

கல்குவாரியில் ஜல்லி உடைப்பவர், பவுண்டரியில் மணலோடு மல்லாடுபவர் ஆகியோரின் நுரையீரலில் கல்தூசி படிந்து வரும் நோய் சிலிகோசிஸ். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் அது இருந்தது. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டமும் அதைப் பட்டியலில் வைத்திருக்கிறது. ஆனால் பட்டியலில் இருந்தால் பணம் வந்துவிடுமா? "பீடி குடித்தான், காசம் வந்தது, எங்களுக்கு என்ன?" என்பார் முதலாளியின் வக்கீல். அவருக்குப் பதில் சொல்லப் போவது தொழிலாளி செய்த வேலையின் விவரமும், அவன் நெஞ்சை எடுத்த எக்ஸ்ரே படமும்தான்.

அந்தப் படம் எப்படி இருக்க வேண்டும்? தோளை முன்னால் தள்ளாவிட்டால் தோள்பட்டை எலும்பு நுரையீரலை மறைக்கும். மூச்சு பாதி இழுத்தால் போதாது. கதிர் கூடினால் படம் கறுத்து, கடுகு போன்ற சின்னப் புள்ளிகள் கண்ணில் படாமல் போகும். தூசிநோய்ப் படங்களைப் பார்க்கச் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் ஒரு முறை வகுத்திருக்கிறது. அதில் படத்தின் தரத்துக்கே நான்கு படிகள் உண்டு. நான்காவது படி என்றால் அந்தப் படத்தை வைத்து எதையும் தீர்மானிக்கக் கூடாது! ஆக, நாளொன்றுக்கு எத்தனையோ பேரை நிறுத்தி, குனிய வைத்து, நிமிர்த்தி, காது கேளாத கிழவருக்கு மூன்று தடவை சத்தம் போட்டுச் சொல்லிப் படம் எடுக்கிறாரே, அவர் கைத்திறனில் நமது தோழரின் வழக்கே தொங்குகிறது.

இந்தத் தொழில் ரத்தம் சிந்தி வளர்ந்த தொழில். 1895 நவம்பர் 8-ஆம் தேதி ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் ராண்ட்ஜன் இந்தக் கதிரைக் கண்டுபிடித்தார். அதற்குக் காப்புரிமை வாங்க அவர் மறுத்துவிட்டார் என்பதை மருந்துக் கம்பெனிக்காரர்கள் காதில் போட்டு வைக்கலாம். அமெரிக்காவில் எடிசனிடம் கண்ணாடி ஊதும் வேலை பார்த்த கிளாரன்ஸ் டாலி, எக்ஸ்ரே குழாய்களைத் தன் கையை நீட்டியே சோதித்து வந்தார். கை வெந்தது, புண் புற்றாயிற்று. இரண்டு கைகளையும் வெட்டியும் பிழைக்கவில்லை, 1904-இல் மாண்டார். இப்படி மடிந்தவர்களுக்காக 1936-இல் ஹாம்பர்க் நகர ஆஸ்பத்திரி ஒன்றின் வளாகத்தில் நினைவுக்கல் நாட்டினார்கள். டாக்டர்களின் பெயர்களோடு உதவியாளர்களின் பெயர்களும் அதில் உண்டு. நமது சென்னைப் பெரியாஸ்பத்திரியில் பர்னார்ட் கதிரியக்க நிலையம் 1934-லேயே ஏற்பட்டது. எத்தனை தலைமுறைத் தொழிலாளிகள் அங்கே இருட்டறையில் சிவப்பு விளக்கடியில் பிலிம் கழுவியிருப்பார்கள்! அவர்கள் பெயரை எந்தக் கல்லில் தேடுவது?

இன்று நிலைமை மாறியிருக்கிறது, உண்மைதான். ஈயச் சுவர் உண்டு, ஈய அங்கி உண்டு. இரண்டு மடங்கு தூரம் விலகி நின்றால் மேலே படும் கதிர் கால்வாசியாகிவிடும் என்பது ஊழியருக்குத் தெரியும். விதிப்படி நடந்தால் ஆபத்து சொற்பமே. யாரையும் பயமுறுத்த நாம் எழுதவில்லை. விதிப்படி நடக்கிறதா என்பதே கேள்வி.

ஒவ்வொரு ஊழியரும் மார்பில் ஒரு பேட்ஜ் அணிய வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதைச் சோதனைக்கு அனுப்பி, அவர் உடலில் எவ்வளவு கதிர் பட்டது என்று கணக்கெடுப்பார்கள். ஓராண்டில் 30 மில்லிசீவர்ட்டுக்கு மேல் போகக் கூடாது. ஐந்தாண்டில் மொத்தம் 100-ஐத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டு வரம்பு.

ஒரு தோழரைப் படம் எடுக்க அழைத்துப் போனபோது, ஓர் ஆஸ்பத்திரியில் நாம் கண்டதைச் சொல்லுகிறோம். காண்ட்ராக்ட் வேலையிலிருந்த ஓர் இளைஞர் படம் எடுத்துக்கொண்டிருந்தார். நிற்க முடியாத முதியவர் ஒருவர் வந்தார், பிடித்துக்கொள்ள ஆளில்லை. அந்தப் பிள்ளையே அங்கியை மாட்டிக்கொண்டு உள்ளே போய்த் தாங்கிப் பிடித்தார். வெளியே இருந்தவர் பொத்தானை அழுத்தினார். அவர் மார்பில் பேட்ஜ் இல்லை. கேட்டோம். "இன்னும் வரலைங்க ஐயா, அடுத்த மாசம்னு சொல்லியிருக்காங்க" என்றார். வேலைக்கு வந்து எத்தனை நாள் என்றோம். ஒன்பது மாதமாம்!

கதிர்வீச்சால் வரும் நோயும் அதே தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது, தோழர்களே. குவாரித் தொழிலாளியின் நுரையீரலும் இந்தப் பிள்ளையின் ரத்தமும் ஒரே பட்டியலில்தான். நாளை அவர் உடம்பு கெட்டால் எதைக் காட்டி நஷ்டஈடு கேட்பார்? நமக்குச் சாட்சி தயாரித்துக் கொடுப்பவருக்குச் சாட்சி கிடையாது. 2021-இல் வந்த சட்டம் இவர்களுடைய தொழிலுக்கு ஓர் அந்தஸ்து கொடுத்தது, வரவேற்கிறோம். காண்ட்ராக்டரின் சம்பளப் பட்டியலில் அந்த அந்தஸ்தைக் காணோம்.

ஆள் குறைத்தால் என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும். எம்.ஆர்.ஐ. கருவியில் எக்ஸ்ரே கதிர் இல்லை. ஆனால் அதன் காந்தம் எந்நேரமும் விழித்திருக்கும். 2018 ஜனவரியில் மும்பை ஆஸ்பத்திரி ஒன்றில், நோயாளியோடு வந்த இளைஞர் ஆக்ஸிஜன் சிலிண்டரை அந்த அறைக்குள் கொண்டுபோக, காந்தம் இழுத்து அவர் உயிரே போயிற்று. வாசலில் நின்று "இரும்பு உள்ளே வரக் கூடாது" என்று தடுக்கப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். தடுக்கும் ஊழியரிடம் நம்மவர்களே சில சமயம் சண்டைக்குப் போகிறார்கள், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

கோவிட் காலத்தில் நோயாளியின் மூச்சுக்காற்றுப் படும் தூரத்தில் நின்று இவர்கள் நெஞ்சுப் படம் எடுத்தார்கள். அன்று ஊரே கை தட்டியது. தட்டிய கை இப்போது ஒரு காரியம் செய்யட்டும். இ.எஸ்.ஐ. குழுக்களில் தொழிலாளர் பிரதிநிதிகளாக இருக்கும் நமது தோழர்கள் அடுத்த கூட்டத்தில் எழுந்து கேட்க வேண்டும்: எக்ஸ்ரே பிரிவில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்? அவர்களில் காண்ட்ராக்ட் ஆட்கள் எத்தனை பேர்? எத்தனை பேட்ஜ் இருக்கிறது? கடைசிச் சோதனையின் முடிவை ஊழியர்களிடம் காட்டினீர்களா? பதிலை எழுத்தில் வாங்கி நமக்கு அனுப்புங்கள், பிரசுரிக்கிறோம்.