கேஸ் போச்சுன்னா... எங்கே போச்சு?

எனக்கு வயது 36. பத்தாம் வகுப்பு வரை படித்த இல்லத்தரசி. கணவர், குன்னூர் பக்கம் தேயிலை ஃபேக்டரி ஒன்றில் வேலை பார்க்கிறார். நாலு வருஷத்துக்கு முன், பழைய கார் ஒன்று வாங்கினோம். 'மலையில இருக்கிறவங்களுக்கு கார்ல ஏ.சி., எதுக்கு அண்ணி?' என்று, கோவையில் இருக்கும் நாத்தனார் கிண்டல் செய்வாள். எதுக்கு என்பது, போன மே மாதம் தான் புரிந்தது.

நாத்தனார் மகளின் சீருக்காக, மாமியார், பிள்ளைகளோடு கீழே இறங்கினோம். பர்லியாறு தாண்டியதுமே அனல். கல்லாறில் ஏ.சி.,யைப் போட்டால், அடுப்பு வாயிலிருந்து வருவது போல் சூடான காற்று! கண்ணாடியை இறக்கினால் லாரிப் புகை. மேட்டுப்பாளையம் சேர்வதற்குள் சின்னவன் இரண்டு முறை வாந்தி எடுத்து விட்டான். பி.பி., உள்ள மாமியாருக்கு கண்ணைக் கட்டியது. இளநீர் வாங்கிக் கொடுத்து, நிழலில் ஒரு மணி நேரம் உட்கார வைத்துத் தான் கிளம்பினோம்.

கோவையில் ஒரு ஒர்க் ஷாப்பில் காட்டினோம். 'கேஸ் தீர்ந்து போச்சு சார்' என்று, 1,800 ரூபாய் வாங்கிக் கொண்டு அடைத்தனர். ஜில்லென்று ஆனது. மூன்று மாதம் கழித்து இறங்கினால், பழையபடி சூடு. வேறு கடை, அதே பதில். 2,000 ரூபாய். இரண்டு தடவையும் போனது, என் சிறுவாட்டுப் பணம்.

மனசு ஆறவில்லை. 'என்னங்க... நம்ம வீட்டு ஃபிரிட்ஜும் கேஸ்ல தானே ஓடுது? 12 வருஷமா ஒரு தடவை கூட அடைக்கலையே... கார்ல மட்டும் எங்கே போகுது?' என்றேன். 'உனக்கென்ன தெரியும், சும்மா இரு...' என்று வாயை அடைத்து விட்டார்.

தீபாவளி சமயம் மூன்றாம் முறையும் சூடு. இந்த முறை, தெரிந்தவர் சொன்ன வயதான மெக்கானிக் ஒருவரிடம் போனோம். அதே கேள்வியை அவரிடமும் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

'சரியா கேட்டீங்கம்மா. கேஸ், பெட்ரோல் மாதிரி எரிஞ்சு தீர்ற சாமான் இல்ல. மூடின குழாய்க்குள்ள சுத்திச் சுத்தி வர்றது. கார்ல ரப்பர் ஹோஸ், அதிர்வு எல்லாம் இருக்கறதால, பல வருஷத்துல கொஞ்சம் குறையலாம். மூணு மாசத்துல போனா, எங்கேயோ ஒழுகுதுன்னு அர்த்தம்' என்றார்.

நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவினார். சிலிண்டர் டியூபில் கசிவு இருக்கிறதா என்று நாம் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்போமே, அதே வித்தை தான். கம்ப்ரசர் முன்பக்கம் முட்டை முட்டையாக நுரை வந்தது. 'மலையில ஏ.சி.,யே போட மாட்டீங்களா?' என்றார். 'மாசக் கணக்கா போட மாட்டோம்' என்றேன். கேஸோடு சேர்ந்து ஓடும் எண்ணெய் தான் சீலை ஈரமாக வைத்திருக்குமாம். ஓடாமலே கிடந்தால் சீல் காய்ந்து, கசிய ஆரம்பிக்குமாம். சீல் மாற்றி, அளவு பார்த்து கேஸ் அடைக்க 3,500 ரூபாய் ஆனது. முதலிலேயே இதைச் செய்திருந்தால், 3,800 ரூபாய் மிச்சமாகி இருக்கும்.

அவர் சொன்னபடி, இப்போது வாரம் ஒரு முறை, 10 நிமிஷம் ஏ.சி., போடுகிறோம். உறைபனி விழும் காலையில் சில வண்டிகளில் கம்ப்ரசர் ஓடாதாம். வெயில் வந்ததும் போடலாம். இதில் இன்னொரு லாபமும் உண்டு. மழை நாளில் கண்ணாடி உள்பக்கம் வேர்த்து மறைக்கும்போது, கொண்டை ஊசி வளைவில் பழைய துணியால் துடைத்துக் கொண்டே வருவேன். ஹீட்டரோடு ஏ.சி.,யையும் சேர்த்துப் போட்டால், காற்றில் உள்ள ஈரத்தை எடுத்து, கண்ணாடி சீக்கிரமே தெளிந்து விடுகிறது.

தோழியரே... காரில் சூடான காற்று வந்தால், கடைக்குப் போகும் முன், வெப்ப திருகு சிவப்புப் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். ஹீட்டர் போட்டுப் பழகிய மலைக்காரர்கள், மறந்து போய் விடுவதுண்டு. ஏ.சி., போட்டதும் முன்னால் உள்ள ஃபேன் சுற்றுகிறதா, காற்று ஃபில்டரில் தூசி அடைத்திருக்கிறதா என்றும் கவனியுங்கள். கேஸ் குழாயில் மட்டும் கை வைக்க வேண்டாம், அழுத்தம் அதிகம். கடையில், 'கேஸ் போச்சு' என்றால், 'எங்கே போச்சு? ஓட்டையை அடைச்சுட்டு அப்புறம் ஊத்துங்க' என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

காசு மட்டும் பிரச்னை இல்லை. பழைய கார்களில் இருந்த கேஸ், ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்று, 1987ல் மான்ட்ரியல் ஒப்பந்தம் போட்டு, படிப்படியாக நிறுத்தினர். அதற்கு பதில் வந்த, 'ஆர் 134ஏ' ஓசோனைக் கெடுக்காது. ஆனால், எடைக்கு எடை, கரியமில வாயுவைப் போல் 1,300 மடங்கு பூமியைச் சூடாக்கும் என்று, பத்தாவது படிக்கும் மகள் சொன்னாள். பிளாஸ்டிக் பையைக் கூட தடை செய்த மாவட்டத்தில் இருந்து கொண்டு, இரண்டு தடவை அதைக் காற்றில் விட்டிருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது.

ஃபிரிட்ஜும் அடுப்பும் மிக்சியும் பார்த்துப் பழகிய மூளை, காருக்கும் உதவும். 'உனக்கென்ன தெரியும்?' என்று யார் சொன்னாலும், கேட்க வேண்டியதைக் கேட்டு விடுங்கள். என் வீட்டுக்காரர் இப்போதெல்லாம், ஒர்க் ஷாப் போனால், 'நீயும் வாயேன்' என்கிறார்!

— ஓர் இல்லத்தரசி, குன்னூர்.