பாட்டனார் வைத்துப்போன ஜீப்

நிலம், வீடு, நகை ஆகியவற்றைப் பாகம் பிரித்துக்கொள்ளும்போது நம்மவர்களுக்குள் சண்டை வருவது சகஜம். பாட்டனார் ஓட்டிய பழைய ஜீப் ஒன்று கொட்டகையில் நின்றுவிட்டால் அதன் பொருட்டும் சண்டை வருகிறது. வித்தியாசம் என்னவென்றால், முன்னதில் "எனக்கு, எனக்கு" என்கிறார்கள். பின்னதில் "உனக்கு, உனக்கு" என்கிறார்கள். கடைசியில், மோட்டார்ப் பித்துக் கொண்ட பேரப்பிள்ளை யாராவது ஒருவன் முன்வந்து, "நான் எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்கிறான். அவனைப் பெற்றவள் தலையில் கை வைத்துக்கொள்கிறாள். வாசலில் காத்திருந்த காயலான்கடைக்காரர் ஏமாற்றத்துடன் திரும்பிப் போகிறார்.

மேற்படி பேரனை உத்தேசித்தே இந்த வாரம் நாம் எழுதுகிறோம். அவன் போடிநாயக்கனூர்க்காரன் என்று வைத்துக்கொள்வோம். ஜீப்பின் அருமை போடிக்கு மேற்கே எழும்பி நிற்கும் ஏல மலைகளில் தெரிவதுபோல் சமவெளியில் தெரியாது.

அந்த மலைகளில் சாமான் ஏற்றி இறக்குவதற்கு மனிதர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. மூணாற்றுத் தேயிலையைக் கீழே கொண்டுவர, 1902-ஆம் ஆண்டில் மூணாற்றிலிருந்து மலை விளிம்பு வரையில் ஒற்றைத் தண்டவாளம் போட்டு, அதன்மீது மாடு இழுக்கும் வண்டிகளை விட்டார்கள். 1908-இல் அதை எடுத்துவிட்டு, இரண்டடி அகலத்தில் சிறிய ரயில் பாதை அமைத்தார்கள். ரயில் வந்து நின்ற மலை உச்சிக்கு டாப் ஸ்டேஷன் என்று பெயர். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு ஆகாய மார்க்கமாகக் குரங்கணிப் பக்கத்துக் கொட்டகுடி அடிவாரத்துக்கு இறங்கின. பிறகு மாட்டு வண்டியில் போடிக்கு வந்தன. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் ரயில் பாதையை அடித்துக்கொண்டு போயிற்று. மறுபடி அதைப் போடுவார் யாருமில்லை. இன்று அங்கே ரயிலும் இல்லை, கம்பிவடமும் இல்லை. ஸ்டேஷன் என்ற பெயர் மட்டும் நிற்கிறது.

குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு இன்றைக்கும் காலடிப் பாதைதான். 2018 மார்ச்சு 11-ஆம் தேதி அந்த மலையில் காட்டுத் தீ மூண்டு, மலையேறப் போனவர்களில் இருபதுக்கு மேற்பட்டவர்கள் உயிரிழந்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வண்டி போகாத மலை எப்படிப்பட்டது என்பதை அன்று தமிழ்நாடு முழுவதும் தெரிந்துகொண்டது. ஆகவே, வண்டி போகக்கூடிய இடங்களில் எந்த வண்டி போயிற்றோ அதனிடத்தில் அவ்வூர்க்காரர்கள் வைத்திருக்கும் மதிப்பைக் கண்டு நாம் சிரிப்பதற்கில்லை.

ஜீப் நம் நாட்டுக்கு யுத்தத்தோடு வந்த விருந்தாளி. 1941 முதல் 1945 வரை வில்லீஸ் கம்பெனியும் போர்டு கம்பெனியும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து தள்ளின. யுத்தம் முடிந்ததும் இங்கே மிஞ்சியவை டிஸ்போஸலில் விற்பனைக்கு வந்தன. 1945-இல் தொடங்கிய மகீந்திரா அண்டு முகம்மது என்ற கம்பெனி, 1947-இல் வில்லீஸ் ஜீப்பைப் பாகங்களாக வரவழைத்துப் பம்பாயில் பூட்டி விற்க முற்பட்டது. கூட்டாளியான குலாம் முகம்மது பாகிஸ்தானுக்குப் போய், அந்நாட்டின் முதல் நிதி மந்திரியானார். 1948-இல் கம்பெனியின் பெயர் மகீந்திரா அண்டு மகீந்திரா என்று மாறிற்று. 'எம் அண்டு எம்' என்ற சுருக்கத்தை மட்டும் மாற்ற வேண்டியிருக்கவில்லை! பின்னால் வந்த 'ஸி.ஜே. 3-பி' என்ற உயர்ந்த பானெட் மாதிரிதான் நம் ஊர்களில் அதிகம் பரவியது. எஞ்சினில் ஒரு வரிசை வால்வுகளைப் பிளாக்கிலும் மற்றொரு வரிசையைத் தலையிலுமாக வைத்தபடியால், எஞ்சின் உயர்ந்து, அதன் மேல் மூடியையும் உயர்த்த நேர்ந்தது. அழகுக்காகச் செய்த காரியமல்ல. ஆனால் பழகப் பழக அதுவே அழகாகிவிட்டது.

பேரன் வண்டியைக் கொட்டகையிலிருந்து தள்ளிக்கொண்டு வந்ததும் முதலில் செய்ய ஆசைப்படும் காரியம் ஒன்று உண்டு, பெயிண்ட் அடிப்பது. இதைத் தடுக்க வேண்டியது வீட்டுப் பெரியவர்கள் கடமை. பட்டி வைத்துத் தேய்த்துப் பச்சை வர்ணம் பூசி, முன்னால் ஒரு மாலையும் போட்டுவிட்டால், வண்டி ஓடத் தயாராகிவிட்டது என்ற பிரமை எல்லோருக்கும் உண்டாகிவிடுகிறது. தரைத் தகட்டையும் அதற்கு அடியில் உள்ள சேஸிஸையும் சிறிய சுத்தியலால் தட்டிக்கொண்டே போகவேண்டும். கணீரென்று கேட்டால் இரும்பு இருக்கிறது. மொத்தென்று கேட்டால் துரு இருக்கிறது. மேல் தகடு போனால் கவலையில்லை, புதிதாக வெட்டி ஒட்டும் டிங்கர்கள் இருக்கிறார்கள். முழு பாடியே வேண்டுமென்றாலும் அரியானாவிலுள்ள மண்டி டப்வாலி என்ற ஊரில் கட்டித் தருகிறார்கள். உதிரி பாகங்களுக்குச் சென்னைப் புதுப்பேட்டை இருக்கிறது. சேஸிஸ் போய்விட்டால் மட்டும் அந்தக் காயலான்கடைக்காரரைக் கூப்பிட்டு அனுப்பலாம்.

அடுத்தபடியாக எஞ்சின். பத்து வருஷம் நின்ற எஞ்சினுக்குப் புதுப் பாட்டரி கொடுத்துச் செல்பை அழுத்துவதைவிடப் பெரிய கொடுமை வேறில்லை. பிஸ்டன் வளையங்கள் துருவினால் சிலிண்டர்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, நாலைந்து நாள் சும்மா விட்டுவிட வேண்டும். பிறகு முன்பக்கத்துக் கைப்பிடியைப் போட்டுக் கையினால் மெல்லச் சுற்றிப் பார்க்கலாம். பிடிவாதம் பிடித்தால் மறுபடி எண்ணெய், மறுபடி பொறுமை. சுற்றியதும் பழைய எண்ணெயை வடித்து, பெட்ரோல் டாங்கைக் கழற்றிக் கழுவி, கார்புரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்து, பாயிண்டுகளைத் தேய்த்து இடைவெளி வைத்தால், இந்த நாலு சிலிண்டர் எஞ்சின் அநேகமாகப் பேசத் தொடங்கிவிடும். இதற்குக் கம்ப்யூட்டர் வேண்டியதில்லை, காது வேண்டும்.

பாட்டனார் காலத்தில் இல்லாத சங்கடம் ஒன்று இப்போது சேர்ந்திருக்கிறது. நம் பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு வரை எத்தனால் கலந்திருக்கிறது. பழைய ரப்பர்க் குழாய்களும், பெட்ரோல் பம்பின் உள்ளேயுள்ள மெல்லிய படலமும் இதைத் தாங்கும்படி செய்யப்பட்டவை அல்ல. நாளடைவில் ஊறி, உப்பி, வெடித்துவிடுகின்றன. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் அந்த ஈரம் டாங்கின் அடியில் தங்கித் துருவைத் தொடங்கி வைக்கும். ஆகவே குழாய்களையும் பம்பு உறுப்புகளையும் இக்காலத்து ரப்பரில் மாற்றிவிடுவது உத்தமம். இதில் பழமைப் பற்று உதவாது. சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் சொட்டும்போது யாரும் பழமையைப் பாராட்டிக்கொண்டு நிற்க முடியாது.

இனி, நாம் அதிகமாக வற்புறுத்த விரும்பும் விஷயத்துக்கு வருவோம். போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஏறும்போது எஞ்சின் நின்றுபோனால் அவமானம் மட்டுமே. இறங்கும்போது பிரேக் நின்றுபோனால்? இந்தப் பழைய ஜீப்புகளில் நாலு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே பிரேக் எண்ணெய்ப் பாதைதான். ஒரு சக்கரத்துக் குழாய் வெடித்தால் நாலு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். கைப்பிரேக்காவது காப்பாற்றுமா என்றால், வில்லீஸ் வழக்கப்படி அது சக்கரத்தில் இல்லை. கியர் பாக்ஸுக்குப் பின்னால், புரொபெல்லர் ஷாப்டு தொடங்கும் இடத்தில் இருக்கிறது. அங்கே ஆயில் சீல் கசிந்தால் அந்த எண்ணெய் நேரே கைப்பிரேக் டிரம்முக்குள் போய்விடும். எண்ணெயில் ஊறிய பிரேக் ஷூவுக்கும் வாழைப்பழத் தோலுக்கும் அதிக வித்தியாசமில்லை.

ஆகையால், வீல் சிலிண்டர்கள், குழாய்கள், மாஸ்டர் சிலிண்டர், பிரேக் ஷூ, ஆயில் சீல் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுவிட வேண்டும். "இது இன்னும் ஒரு வருஷம் ஓடும்" என்று மெக்கானிக் சொல்வதை வேறு எந்த உறுப்பைப் பற்றி வேண்டுமானாலும் நம்பலாம். கையில் இருக்கும் பணம் பெயிண்டுக்கும் பிரேக்குக்கும் போதாதென்றால், துருப்பிடித்த நிறத்திலேயே வண்டி ஓடட்டும்.

இவ்வளவும் ஆன பிறகு, சர்க்கார் காகிதங்கள் என்ற வேறொரு மலை இருக்கிறது. வண்டிக்குரியவர் இறந்துபோனால் முப்பது நாளுக்குள் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் 31-ஆம் எண் படிவத்தில் விண்ணப்பித்துப் பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். துக்கத்தில் யாருக்கு இது நினைவிருக்கிறது? பல வீடுகளில் பாட்டனார் காலமாகி வருஷங்கள் கழிந்தும் ஆர்.ஸி. புத்தகத்தில் அவர் உயிரோடுதான் இருக்கிறார்! பதினைந்து வருஷத்துக்குப் பிறகு, ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை பரிசோதனை செய்து பதிவைப் புதுப்பிக்க வேண்டும். இதற்கான கட்டணம் 2022-இல் ஒரு தடவையும் 2025-இல் மறு தடவையும் வெகுவாக உயர்ந்திருக்கிறது.

ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட வண்டியானால் இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. 2021 ஜூலையில் வெளியான மத்திய சர்க்கார் விதிப்படி, பழைய உருவம் கெடாமல் காப்பாற்றப்பட்ட வண்டியைப் புராதன வாகனமாகப் பதிவு செய்து, 'வி.ஏ.' என்ற எழுத்துக்கள் கொண்ட தனி எண் பெறலாம். கட்டணம் 20,000 ரூபாய். பத்து வருஷத்துக்குச் செல்லும். கேட்பதற்கு இனிமையாக இருக்கிறது அல்லவா? ஆனால் அப்படிப் பதிவான வண்டியைக் கண்காட்சிக்கும், பந்தய ஊர்வலத்துக்கும், பெட்ரோல் போடவும், பழுது பார்க்கவும் மட்டுமே சாலையில் ஓட்டலாம். அன்றாடப் பிரயாணத்துக்கோ, தொழிலுக்கோ ஓட்டக்கூடாது. அதாவது, ஏல மூட்டை சுமந்த வண்டி அதன்பின் ஏல மூட்டை சுமக்கக்கூடாது.

போடிப் பேரனுடைய உண்மையான சங்கடம் இதுதான். தோட்டம் இன்னும் இருக்கிறது. மேலே உரம் போகவேண்டும், கீழே காய் வரவேண்டும். பெட்ரோல் எஞ்சினோ லிட்டருக்கு எட்டுப் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் கொடுக்காது. "ஒரு டீசல் எஞ்சினைத் தூக்கி வைத்துவிடுங்கள்" என்று ஊரே யோசனை சொல்லும். நம் நாட்டில் ஆயிரக்கணக்கான ஜீப்புகளுக்கு இந்த இருதய மாற்றுச் சிகிச்சை நடந்திருக்கிறது. அதற்கும் அலுவலகத்தின் முன் அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்து மாற்றியபின் புராதனப் பதிவுக்கு இடமில்லாமல் போய்விடும். டீசல் எஞ்சினின் எடையையும் உதறலையும் அந்தப் பழைய சேஸிஸும் முன் ஸ்பிரிங்குகளும் தாங்குமா என்பதும் தனிக் கேள்வி.

நம் அபிப்பிராயத்தைக் கேட்டால், பெட்ரோல் எஞ்சினையே வைத்துக்கொண்டு, சாதாரணப் பதிவிலேயே விட்டு, வாரத்தில் இரண்டு நாள் சாமான் ஏற்றும் வண்டியாக அதை ஓட்டலாம் என்போம். ஓடாத வண்டி, எவ்வளவு பத்திரமாக மூடி வைத்தாலும், கெடுகிறது. சீல்கள் உலர்கின்றன, பிரேக் எண்ணெய் ஈரம் குடிக்கிறது, எலி ஒயரைக் கடிக்கிறது. வாரம் இரு முறை எஞ்சின் சூடேறி ஆறும் வண்டிக்கு இந்த வியாதிகள் குறைவாகவே வருகின்றன. தினசரி வேலைக்கு வேறு வண்டி வாங்கிக்கொள்வதே சிக்கனம்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகக் கூடாது. ஏலக்காய் எடுக்கும் பருவத்தில் விடியுமுன் தேனி ஜில்லாவிலிருந்து இடுக்கி ஜில்லாத் தோட்டங்களுக்குக் கூலிப் பெண்களை ஜீப்புகளில் அடைத்துக்கொண்டு போகிறார்கள். போலீஸார் பிடிக்கிறார்கள், அபராதம் போடுகிறார்கள், மறுநாளும் வண்டி போகிறது. அந்தச் சகோதரிகளின் உயிர் மேலே சொன்ன ஒற்றைப் பிரேக் குழாயில் தொங்குகிறது. பழுது பார்த்த ஜீப்பைக் கண்டதும், "நாலு ஆள் ஏற்றினால் செலவுக்காவது ஆகுமே" என்று சொல்ல ஒருவர் கட்டாயம் வருவார். அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட வேண்டும்.

வேலை நடக்கும் நாட்களில் பேரன் மெக்கானிக்கின் பக்கத்திலேயே நிற்பது நல்லது. இந்த எஞ்சினின் வால்வு இடைவெளியைக் கைப்பழக்கத்தினாலே வைக்கத் தெரிந்தவர்கள் இப்போது தலை நரைத்தவர்கள். அவர்களுடைய பட்டறைகளில் இருக்கும் பையன்களுக்குப் புது வண்டிகளின் வேலைதான் தெரியும். அதற்குத்தான் கூலியும் கிடைக்கிறது. கேட்டால் சொல்லித் தருகிறார்கள். கேட்பவர்கள்தான் குறைவு.

முதல் ஓட்டத்துக்குப் போடிமெட்டு வேண்டாம். குரங்கணி வரை சுமார் 15 கிலோமீட்டர் போதும். அங்கே இறங்கியதும் நாலு சக்கர டிரம்களையும் கையினால் தொட்டுப் பார்க்கவேண்டும். நாலும் ஒரே இளஞ்சூடாக இருந்தால் சரி. ஒன்று மட்டும் கொதித்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் விடவில்லை, அப்படியே திரும்பக்கூடாது. வண்டிக்கு அடியில் எண்ணெய் சொட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்க்கவேண்டும். பிறகு டீக்கடையில் உட்காரலாம். ரேடியேட்டர் ஆறுவதற்கு அரை மணி பிடிக்கும். மூடியை அதற்குமுன் திறக்கவேண்டாம்.