கடுகுச் செடியும் கோதுமை வயலும்

விண்ணரசைக் கடுகு விதைக்கு ஒப்பிட்டு ஆண்டவர் உரைத்த உவமையை நம் பிள்ளைகள் மறைக்கல்வி வகுப்பில் தடங்கலின்றி ஒப்பிப்பார்கள். ஆனால் நம் ஊர்த் தோட்டத்திலே கடுகுச் செடியைக் கண்ட சிறுவன் ஒருவன், “இடுப்பளவு வளரும் இச்செடியிலா வானத்துப் பறவைகள் வந்து தங்கும்?” என்று கேட்டுவிட்டால் நாம் என்ன விடை கூறுவோம்? “வேதத்தில் எழுதியிருக்கிறது, கேள்வி கேட்காதே” என்று அதட்டி அமர்த்துவது எளிது. ஆனால் பத்து வயதில் அடக்கப்பட்ட வினா, இருபது வயதில் ஐயமாகத் தலைதூக்கும் என்பதைப் பெற்றோரும் ஆசிரியரும் மறத்தலாகாது.

இவ்வினாவுக்கு நேரிய விடை உண்டு. அவ்விடையைச் செடியாகவும் மரமாகவும் வளர்த்து வைத்திருக்கும் இடம் ஒன்று புனித நாட்டில் இருக்கிறது. எருசலேமுக்கும் டெல் அவீவ் நகருக்கும் இடையே, மோதியின் என்னும் ஊருக்கு அருகே, ஏறத்தாழ 625 ஏக்கர் பரப்பில் அமைந்துள்ள நெயோத் கெதூமிம் என்னும் விவிலியத் தோட்டமே அது. தாவரவியல் அறிஞர்களான எப்ராயிம், ஹன்னா ஹரூவேனி தம்பதியர், விவிலியத்தை அந்நாட்டுச் செடிகொடிகளின் துணைகொண்டு கற்பிக்க வேண்டும் எனக் கனவு கண்டனர். அக்கனவை நனவாக்கியவர் அவர்தம் மைந்தர் நோகா ஹரூவேனி. 1965-இல் பணி தொடங்கியபோது அங்கே இருந்தவை மண் அரித்துப்போன பாறைக் குன்றுகளே. வேறிடங்களிலிருந்து மண் கொணர்ந்து கொட்டி, பழைய கிணறுகளையும் ஆலைகளையும் செப்பனிட்டு, ஆயிரக்கணக்கான மரங்களை நட்டு, விவிலியக் காலத்து நிலத்தையே அங்கு மீண்டும் உருவாக்கினர். நோகா 2007-இல் மறைந்தார்; தோட்டம் நிலைத்திருக்கிறது.

பள்ளி மாணவர்களும், திருப்பயணமாக வரும் இளைஞர்களும் இங்கே குழுக்களாக வந்து கற்றுச் செல்வது வழக்கம். அவர்கள் பின்னே நாமும் மனத்தளவில் சற்று நடந்து பார்ப்போம்.

முதலில் கடுகு. அந்நாட்டில் வளரும் கருங்கடுகு ஒரே பருவத்தில் ஆளுயரத்தைத் தாண்டிவிடும். நல்ல மண்ணில் பத்தடி வரைகூட எழும்பும். தண்டு தடித்துக் கிளை விரியும். விதை முற்றும் காலத்தில் சிறு குருவிகள் அக்கிளைகளில் வந்து அமரும். ஆகவே கலிலேய மக்கள் அவ்வுவமையைக் கேட்டபோது, ‘இது நடக்குமா?’ என்று திகைத்திருக்கமாட்டார்கள். தங்கள் வழியோரத்தில் ஆண்டுதோறும் கண்ட காட்சியிலேயே இறைவனின் செயல் விளங்குவதை உணர்ந்திருப்பார்கள்.

அடுத்து கோதுமை வயல். பகைவன் விதைத்த களை எது? பார்வைக்குக் கோதுமையைப் போலவே தோன்றும் ஒருவகைப் புல் அது. கதிர் வெளிவரும்வரை இரண்டையும் பிரித்தறிதல் அரிது. அதற்குள் வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். ஒன்றைப் பிடுங்கினால் மற்றதும் வந்துவிடும். அக்களையின் மணிகள் மாவோடு கலந்தால் உண்பவர்க்குத் தலைசுற்றலும் மயக்கமும் உண்டாகும். ஆகவே அதை அப்படியே விட்டுவிடவும் இயலாது. அறுவடைவரை பொறுத்திருந்து, பிறகு பிரித்தெடுப்பதே வழி. நெற்பயிரோடு பயிராக ஒளிந்து நிற்கும் களைப்புல்லை அறிந்த நம் உழவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. வீட்டுத் தலைவர் காத்திருந்தது சோம்பலாலன்று, பயிரை அறிந்த அறிவினால். தவறிய பிள்ளையைக் கண்டவுடனே ‘இவன் களை’ என்று முத்திரை குத்தி வீட்டைவிட்டுப் பிடுங்கி எறிய முற்படும் பெற்றோர், அவ்வயலின் ஓரத்தில் ஒரு நாழிகை நின்று பார்த்தல் நலம். கதிர் விடாத பருவத்தில் நாம் தீர்ப்பிடுகிறோம்.

இணைச்சட்ட நூல் எட்டாம் அதிகாரத்தில், வாக்களிக்கப்பட்ட நாட்டின் ஏழு விளைபொருள்கள் கூறப்படுகின்றன: கோதுமை, வாற்கோதுமை, திராட்சை, அத்தி, மாதுளை, ஒலிவம், தேன். இத்தேன் பேரீச்சம்பழத்தின் பாகு என்பது அறிஞர் பலரின் கருத்து. பாஸ்காவுக்கும் பெந்தகோஸ்துக்கும் இடைப்பட்ட ஐம்பது நாள்களே இவற்றின் தலைவிதியை முடிவு செய்வன என்று நோகா ஹரூவேனி விளக்கினார். வடகாற்று கொணரும் மழை கோதுமை மணியைப் பருக்கச் செய்யும். ஆனால் அவ்வேளையில் ஒலிவப் பூ விரிந்திருந்தால் மழையால் காய்ப்புக் குன்றும். விரிந்த பூவுக்கு வறண்ட காற்று வேண்டும். அக்காற்றே முந்தி வீசினால் முற்றாத கோதுமை கருகும். ஒன்றின் வாழ்வு மற்றதன் அழிவு! பயிர்க்கொரு தெய்வம் தேடிய அண்டை நாட்டாரைப் பின்பற்ற இஸ்ரயேலருக்கு ஏன் ஆசை எழுந்தது என்பது இங்கே விளங்கும். எல்லாவற்றையும் அதனதன் காலத்தில் தருபவர் ஒரே கடவுள் என்று அறிக்கையிடுவது அவ்வுழவர்க்கு எத்துணைப் பெரிய நம்பிக்கைச் செயல் என்பதும் விளங்கும்.

சக்கேயு ஏறிய மரத்தையும் மாணவர் காண்கின்றனர். அது நாம் உலர்த்தி உண்ணும் சீமை அத்தியன்று; காட்டு அத்தி. நம் நாட்டு அத்தியைப் போலவே அடிமரத்திலும் பருங்கிளைகளிலும் கொத்துக்கொத்தாய்க் காய்ப்பது. கிளைகள் தாழ்வாகப் படர்வதால் குள்ளமான ஒருவரும் எளிதில் ஏறலாம். இக்காய்களைக் கத்தியால் கீறிவிட்டால் சில நாள்களில் பழுத்துவிடும். அப்பணியைச் செய்துவந்தவரே ஆமோஸ் இறைவாக்கினர்.

ஊதாரி மைந்தன் ஏக்கத்தோடு நோக்கிய பன்றித் தீனி, கரோப் மரத்தின் நீண்ட நெற்று எனக் கருதப்படுகிறது. அது இனிப்பானது, பஞ்ச காலத்தில் ஏழைகளும் உண்பது. அதையும் அவனுக்குக் கொடுப்பாரில்லை என்பதே அவ்வுவமையின் கொடுமை.

பின்னர் உணவு. மாணவர்கள் மாவு பிசைந்து அப்பம் சுடுகிறார்கள். அதனோடு ஒலிவ எண்ணெயும் ஈசோப்புத் தழையும் சேர்த்து உண்கிறார்கள். எகிப்தில் பாஸ்கா இரவன்று கதவு நிலைகளில் இரத்தம் பூசப் பயன்பட்ட அதே ஈசோப்பு. சிலுவையடியில் காடி தோய்ந்த கடற்பஞ்சைத் தாங்கியதாக அருளப்பர் குறிப்பிடும் ஈசோப்பு. அந்நாட்டு ஏழை எளியோர் இன்றும் அதை உலர்த்தி, எள்ளுடன் கலந்து அப்பத்தோடு உண்கின்றனர். மீட்பின் கருவியாக இறைவன் தேர்ந்துகொண்டது வானளாவிய கேதுருவையன்று; பாறை இடுக்கில் வளரும் இச்சிறு செடியையே!

மாலையில் ஆட்டு மந்தை ஒன்றை மாணவரிடம் ஒப்படைத்து, அதனைக் குறித்த இடத்தில் கொண்டு நிறுத்துமாறு பணிக்கிறார்கள். கூச்சலிட்டு விரட்டுவோரைக் கண்டு ஆடுகள் சிதறி ஓடுகின்றன. அமைதியும் பொறுமையும் உள்ளவர்களே அவற்றை நடத்திச் செல்ல முடிகிறது. நல்லாயனைப் பற்றி ஓராண்டு கேட்டறிவதை அரை மணி நேரத்தில் அவர்கள் கற்றுக்கொள்கிறார்கள்.

அந்நாட்டில் மீண்டவை செடிகள் மட்டுமல்ல. இணைச்சட்ட நூலில் உண்ணத்தக்க விலங்குகளின் வரிசையில் இடம்பெறும் மான்களுள் ஒன்றெனக் கருதப்படும் பாரசீக மான் அங்கே அற்றுப்போயிருந்தது. 1978-இல் ஈரானிலிருந்து நான்கு மான்கள் விமானத்தில் கொண்டுவரப்பட்டன. அவற்றைப் பெருக்கி, 1996 முதல் கலிலேயக் காடுகளில் விடத் தொடங்கினர்.

அன்பார்ந்த பெற்றோரே, புனித நாட்டுக்குச் செல்லும் வாய்ப்பு எல்லார்க்கும் வாய்ப்பதன்று. ஆயினும் ஒரு பிடி கோதுமையைத் தொட்டியில் விதைத்து, அது மடிந்து முளைப்பதைப் பிள்ளைகளோடு அமர்ந்து காண்பது எவ்வீட்டிலும் இயலும். ஊர்ப்புறத்து அத்தி மரத்தடியில் நிறுத்திச் சக்கேயுவின் கதையைச் சொல்ல மறைக்கல்வி ஆசிரியர்க்குச் செலவு ஏதுமில்லை. வயலைக் காட்டி உவமை கூறியவர் நம் ஆண்டவர். அவருடைய சொற்களை நான்கு சுவர்களுக்குள் மட்டும் அடைத்து வைக்காமல், பிள்ளைகளின் கையைப் பிடித்து வெளியே அழைத்துச் செல்வோம். அவர்கள் கேட்கும் வினாக்களுக்கு அஞ்சாமல் செவிசாய்ப்போம்.