ஜீப்பின் ஸ்டியரிங் ஆட்டம்: நோயறிந்து மருந்து செய்வோம்

மலைத்தோட்டம் வைத்திருப்போருக்கு ஜீப் ஆடம்பரப் பொருளன்று. உரம் ஏற்றுவதும், ஏலக்காய் இறக்குவதும், ஆட்களை அழைத்துச் செல்வதும் அதில்தான். போடி, கம்பம் வட்டாரங்களில் பழைய ஜீப்பை நம்பித் தோட்டம் பார்க்கும் சிறு விவசாயிகள் பலர். பாறையும் பள்ளமுமான பாதையில் அடிப்பாகம் இடிக்கக் கூடாதென்று கூடுதல் பட்டை சேர்த்தும், ஷாக்கிளை நீட்டியும், பெரிய டயர் மாட்டியும் வண்டியை உயர்த்திவிடுகிறார்கள். தோட்டத்தில் ஒரு தொல்லை தீர்கிறது. தார்ச்சாலையில் வேறொரு தொல்லை தொடங்குகிறது.

சென்ற ஆண்டு அப்படியொரு ஜீப்பில் பயணம் செய்தேன். வேகம் 60 கிலோமீட்டர் இருக்கும். சிறுபாலம் ஒன்றின் மேட்டில் முன் சக்கரம் ஏறி இறங்கியதும் ஸ்டியரிங் இடமும் வலமுமாக வெட்டத் தொடங்கியது. ஓட்டியவர் கைக்கு அது அடங்கவில்லை. பின்னால் கூலி வேலைக்குப் போகும் ஒன்பது பெண்கள். நல்ல வேளையாக எதிரே வண்டி வரவில்லை. "போன மாதம்தான் ஸ்டியரிங் டாம்பர் புதுசா மாத்தினோம், ஐயா" என்றார் ஓட்டியவர்.

இந்தப் பழக்கம் தவறு என்பதே என் கருத்து. நெற்பயிர் மஞ்சளித்தால், துத்தநாகக் குறையா, வடிகால் இல்லையா என்று பாராமல் யூரியாவை வீசுவது போன்றது இது. டாம்பர் ஆட்டத்தைச் சில நாள் மறைக்கும், காரணத்தை நீக்காது.

ஏன் ஆடுகிறது?

பழைய ஜீப்பில் முன் சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் அமைந்தவை. ஒன்று வாங்கும் அடி மற்றதையும் தாக்கும். மூட்டுகள் இறுக்கமாக இருந்தால் அதிர்வு உடனே அடங்கும். தேய்ந்திருந்தால், குடம் தேய்ந்த மாட்டுவண்டிச் சக்கரம் போல் ஆட்டம் நீடிக்கும். பெரிய டயரின் எடை அதை இன்னும் மிகுதியாக்கும்.

மேலும், வண்டியை உயர்த்தும்போது முன் அச்சு சிறிது சுழன்று 'காஸ்டர்' எனும் சாய்வு குறைந்துவிடக்கூடும். சக்கரத்தை நேராக ஓடவைப்பது இச்சாய்வே. வளைவு முடிந்த பின் ஸ்டியரிங் தானாக நேருக்கு வராவிட்டால் இதைச் சந்தேகிக்க வேண்டும்.

சோதிக்கும் முறை

முதலில் டயர். காற்றழுத்தம், ஒருபக்கத் தேய்மானம், ரிம் நெளிவு, நட்டுகளின் இறுக்கம் ஆகியவற்றைப் பாருங்கள். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் மெல்ல நடுங்கினால் சக்கரங்களை பாலன்ஸ் செய்யுங்கள். முன் சக்கரங்களைப் பின்னால் மாற்றிப் போட்டதும் நடுக்கத்தின் தன்மை மாறினால் குறை சக்கரத்தில்தான்.

அடுத்து மூட்டுகள். வண்டி தரையில் நிற்கட்டும், இன்ஜினை நிறுத்திவிடுங்கள். ஒருவர் ஸ்டியரிங்கை ஒரு சாண் அளவு இடமும் வலமும் அசைக்க, மற்றவர் டை ராட் முனைகள், டிராக் லிங்க், ஸ்டியரிங் பெட்டியைச் சட்டத்தில் பிடித்திருக்கும் போல்ட்டுகள் ஆகியவற்றில் ஒவ்வொன்றாகக் கை வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பாகம் அசைந்தும் அதையடுத்த பாகம் அசையத் தாமதித்தால் தேய்மானம் அங்கேதான்.

மூன்றாவதாக, பின் சக்கரங்களுக்குக் கல் வைத்து, முன் சக்கரத்தை ஜாக்கியால் தூக்குங்கள். அச்சுக்கடியில் கட்டாயம் முட்டுக் கொடுக்க வேண்டும். டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். அசைவு தெரிந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். அசைவு நின்றால் குறை பேரிங்கில், நிற்காவிட்டால் கிங்பின்னில். இந்தச் சோதனையை அறியாமல் நல்ல பேரிங்கை மாற்றிப் பணம் இழந்தவர்கள் உண்டு.

இறுதியில் பட்டைகளின் யூ போல்ட், ஷாக்கிள், புஷ் ஆகியவற்றைப் பாருங்கள். காஸ்டர் குறைந்திருந்தால் அச்சுக்கும் பட்டைக்கும் இடையே தக்க ஆப்பு வைத்துச் சரிசெய்யலாம். அளவு கருவி உள்ள பட்டறையில்தான் இதைச் செய்ய வேண்டும்.

ஒரு குறையைக் கண்டதும் நின்றுவிடாதீர்கள். ஐந்தாறு இடங்களில் உள்ள சிறு சிறு தளர்ச்சிகள் சேர்ந்தே பெரும் ஆட்டமாகின்றன. சோதனைக்கு ஒரு காலைப்பொழுதும் இரண்டு ஆட்களும் போதும்.

ஓடும்போதே ஆட்டம் கண்டால்

பிரேக்கைத் திடீரென அழுத்த வேண்டாம். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை உறுதியாகப் பிடித்து, வேகம் தணிந்ததும் ஓரமாக நிறுத்துங்கள். குறை தீரும்வரை அதில் ஆள் ஏற்றாதீர்கள்.

உயரம் தேவைதானா?

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, வண்டியின் அமைப்பை விருப்பப்படி மாற்றத் தடை விதிக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை நாலு தோட்டக்காரர்கள் சேர்ந்து பாதையின் பள்ளங்களில் கல் நிரப்பினால், ஜீப்பை உயர்த்த வேண்டிய அவசியமே பெரும்பாலும் இராது. பாதையைச் சீர்செய்யும் செலவு நால்வருக்கும் பங்காகும். ஜீப்பை உயர்த்துவதன் ஆபத்தோ, கூலிக்காகப் பின்னால் உட்கார்ந்து வருபவர் தலையில் விழுகிறது.